சுருங்கும் கோப்பும் சுருங்காக் கோப்பும்

வெளி மாநிலத்தில் குடியேறி வாழும் நம்மவர்க்கு மூட்டை கட்டும் கலை புதிதன்று. கோடை விடுமுறைக்கு ஊர் சென்று திரும்புங்கால், வடகமும் புளியும் அப்பளமும் ஒரே பெட்டிக்குள் எங்ஙனம் அடங்கின என்று உடன் வரும் பிற மொழி அன்பர்கள் வியப்பதுண்டு. இம்முறை நாம் பேச எடுத்துக்கொண்டதும் மூட்டை கட்டும் செய்திதான். ஆனால் கட்டப்படுவன கணிப்பொறிக் கோப்புகள். 'ஜிப் நல்லதா, 7-ஜிப் நல்லதா, ரார் நல்லதா?' என்று நேயர் சிலர் வினவியிருக்கின்றனர். பெற்றோரின் மருத்துவ அறிக்கையையும், பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழையும், ஊர் நிலத்தின் பட்டாவையும் மின்னஞ்சலில் அனுப்பியும் பெற்றும் வாழ வேண்டிய குடும்பங்களுக்கு இது வீண் வினா அன்று.

இந்நிரல்கள் செய்யும் வேலையை முதலில் தெரிந்துகொள்வோம். நம் முன்னோர் கணக்கேட்டிலும் பத்திரத்திலும் ஒரே செய்தியைத் திரும்ப எழுத நேர்ந்தபோது 'மேற்படி' என்று எழுதி அமைந்தனர். அதற்கென ௸ என்றொரு தனிக் குறியே வைத்திருந்தனர். 1977-இல் ஆபிரகாம் லெம்பெல், யாக்கோபு சிவ் என்னும் இஸ்ரேலிய அறிஞர் இருவர் வெளியிட்ட முறையின் சாரமும் ஏறக்குறைய இதுவே. முன்னே வந்த தொடர் மீண்டும் வருமாயின் அதனை எழுதாது, 'இத்தனை எழுத்துப் பின்னே சென்று இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்க' என்று குறித்துவிடுவது. டேவிட் ஹஃப்மன் 1952-இல் வெளியிட்ட மற்றொரு முறை, அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறியும் அரிதாய் வருவதற்கு நீண்ட குறியும் அளிப்பது. 1989-இல் பில் காட்ஸ் என்னும் அமெரிக்கர் உலகுக்குத் தந்த ஜிப் வடிவம் இன்று இயங்குவது இவ்விரண்டின் கூட்டால்தான்.

ஆனால் ஜிப்புக்கு நினைவு குறைவு. அது பின்னோக்கிப் பார்க்கும் தொலைவு 32,768 பைட்டுகளே; தமிழ் எழுத்தில் ஏறத்தாழ ஐந்தாறு அச்சுப் பக்கங்கள். ஏழாம் பக்கத்திற்கு வருங்கால் முதற் பக்கம் அதற்கு மறந்துபோகும். மேலும், பத்துக் கோப்புகளைக் கொடுத்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே சுருக்கும். இகோர் பாவ்லோவ் என்னும் ருஷ்யர் 1999-இல் வெளியிட்ட 7-ஜிப்போ பல மெகாபைட் பின்னே சென்றும் தேடும். பல கோப்புகளை ஒரே நீண்ட சுருளாகக் கருதியும் சுருக்கும். ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற மாதக் கணக்குகள் நாற்பதைக் கட்டும்போது இவ்வேற்றுமை நன்கு புலப்படும்.

தமிழில் எழுதுவோர்க்கு இங்கு ஒரு சிறப்புச் செய்தி உண்டு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். யூனிகோடின் யு.டி.எஃப்-8 முறையில் தமிழுக்கு மூன்று வேண்டும். உயிர்மெய்யின் கொம்பும் கொக்கியும் புள்ளியும் தனியே மும்மூன்று கேட்கும். 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல் இவ்வாறு 15 பைட்டுகளைக் கொள்கிறது. இஃது அநீதி என்று வருந்துவோர் உளர். வருந்த வேண்டா என்பது நம் கருத்து. அம்மூன்றில் முதற் பைட்டு என்றும் ஒன்றே. இரண்டாவது இரண்டில் ஒன்று. மாறாது வருவதைச் சுருக்குவது இந்நிரல்களுக்கு மிக எளிது. ஆதலால் தமிழின் கூடுதற் சுமையில் பெரும்பகுதி மூட்டைக்குள் கரைந்துவிடுகிறது. இம்மாத இதழின் கட்டுரைகளை வெறும் எழுத்துக் கோப்பாக வைத்திருந்தால், எந்த நிரலாலும் அவை நன்றாகச் சுருங்கும்.

எவ்வளவு சுருங்கும் என்று ஒப்பிட்டுக் காணப் பொது அளவுகோல்களும் உள்ளன. போலந்து நாட்டில் 2003-இல் தொகுக்கப்பட்ட சிலேசியத் தொகுதி அவற்றுள் ஒன்று; 12 கோப்புகள், மொத்தம் 21 கோடி பைட்டுகள். ஜிப்பின் முறை அதனை நூற்றுக்கு 32 பங்காக்குகிறது. 7-ஜிப்பின் முறை 23 பங்காக்குகிறது. அத்தொகுதியிலுள்ள டிக்கன்ஸின் நூல்கள் முறையே 38-உம் 28-உமாகச் சுருங்குகின்றன. அதிலேயே உள்ள விண்மீன் பட்டியலோ 73-க்கும் 61-க்கும் கீழே இறங்க மறுக்கிறது. ஆகவே நிரலினும் கோப்பின் இயல்பே பெரிது. இறுக்கிக் கட்டப் பன்மடங்கு நேரம் ஆகும் என்பதையும் கருத வேண்டும். ரார் பெரும்பாலும் 7-ஜிப்பை ஒட்டியே நிற்கும்.

இனி நேயர் பலரை ஏமாற்றத்திற்கு ஆளாக்கும் இடத்திற்கு வருவோம். திருமணப் படங்கள் ஐந்நூற்றை ஜிப்பில் கட்டினால் நூற்றுக்கு ஓரிரண்டு பங்கு குறைந்தால் அதுவே மிகுதி. ஜேபெக் படமும் எம்.பி.3 பாட்டும் காணொளியும் முன்னரே பிழிந்தெடுக்கப்பட்டவை; கரும்புச் சக்கையை மீண்டும் ஆலையில் இட்டால் சாறு வருமோ? வேர்டு, எக்ஸெல் கோப்புகளும் அவ்வாறே. 2007 முதல் அவை உள்ளுக்குள் ஜிப் மூட்டைகளே. பெரும்பாலான பி.டி.எஃப் கோப்புகளும் இவ்வினத்தன.

எனினும் படங்களை ஜிப்பில் கட்டுவது முற்றிலும் பயனற்றது அன்று. வாட்ஸ்அப்பில் ஒரு படத்தைப் படமாகவே அனுப்பினால், அது வழியிலேயே சிறுத்துவிடும். இழந்த நுணுக்கம் மீளாது. இவ்விழப்பு நாம் மேலே கூறிய சுருக்கத்தின் வகையன்று. ஜிப்பும் 7-ஜிப்பும் ஓர் எழுத்தையும் இழக்கா. பாட்டியின் ஒரே பழம் படத்தை ஊரிலிருந்து உறவினர் வருடி அனுப்புகிறார் என்றால், அதை ஆவணமாகவோ ஜிப்பில் கட்டியோ அனுப்பச் சொல்லுங்கள். அளவு குறையாது, படம் பிழைக்கும்.

பிறருக்கு அனுப்பவோ ஜிப்பே தக்கது என்போம். ஊரிலுள்ள பெரியப்பாவின் கைப்பேசியிலும் அது பெரும்பாலும் தொட்டவுடன் திறக்கும். விண்டோஸ் 11 தானே 7-ஜிப் மூட்டையைத் திறக்கத் தொடங்கியது 2023-இல்தான். பழைய கணிப்பொறியில் தனி நிரல் வேண்டும். மருத்துவமனையில் கட்டிலருகே இருப்பவர் அறிக்கையைத் திறக்க இயலாது திண்டாடுவாராயின், ஒன்பது பங்கு மிச்சம் பிடித்து என்ன பயன்? வீட்டிலேயே வைத்துக் காக்கும் பழைய கணக்குகளுக்கும் எழுத்துகளுக்கும் 7-ஜிப்பைத் தாராளமாகக் கொள்ளலாம். ஆதார், வங்கித் தாள்களுக்குப் பூட்டும் வேண்டுமென்றால் ஜிப்பின் பழைய பூட்டு வலுவற்றது. 7-ஜிப்பின் பூட்டு உறுதியானது. திறவுச்சொல்லை அதே அஞ்சலில் எழுதாது தொலைபேசியில் கூறுக.

தேர்வுக்கும் சேர்க்கைக்கும் விண்ணப்பிக்கும் தளங்கள் 'படம் 50 கிலோபைட்டுக்குள்' என்று கேட்பது வேறு செய்தி. அங்கு ஜிப் செல்லாது. படத்தின் நீள அகலத்தையே குறைத்தல் வேண்டும். அப்படிக் குறைப்பதைப் படியொன்றில் செய்து, மூலத்தை வேறிடத்தில் தொடாது வையுங்கள். அடுத்த விண்ணப்பத்தில் 100 கிலோபைட் கேட்பார்கள்.