ஒவ்வாத மருந்தும் ஒரு துண்டுச் சீட்டும்

உடம்பைப் பேணுதல் அறிவுடையோர் கடன் என்பதை மறுப்பார் இலர். ஆயினும், நுமக்கு ஒவ்வாத மருந்து யாதெனக் கேட்பின், விடை கூற வல்லார் நம்முள் எத்துணையர்? "ஏதோ ஓர் ஊசி எனக்கு ஆகாது" என்பாரே பலர். அவ்வூசியின் பெயரையும், நேர்ந்த துன்பத்தின் இயல்பையும் அவர் அறியார். இவ்வறியாமையால் விளையும் கேடு இருவகைத்து என்பதே ஈண்டு நாம் கூறப் புகுந்தது.

1928ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிளெமிங் என்னும் அறிஞர் கண்ட பெனிசிலின், எண்ணிறந்த உயிர்களைக் காத்தது. எனினும், பல்லாயிரவர்க்கு அமுதமாகும் அப்பொருளே ஒரு சிலர்க்கு நஞ்சாகின்றது. உடலின் தற்காப்பு ஆற்றல் மருந்தைப் பகையென மயங்கி, அதனை எதிர்க்கும் புரதங்களை ஆக்கி வைத்துக்கொள்கின்றது. அம்மருந்து மீண்டும் உட்புகுங்கால் ஹிஸ்டமின் முதலியன பெருகித் தோல் தடித்து அரிக்கும், உதடும் நாவும் வீங்கும், மூச்சுத் திணறும், இரத்த அழுத்தம் வீழும். இவையனைத்தும் சில நிமிடங்களில் நிகழ்தல் கூடும். அந்நிலையில் முதற்கண் இடத்தக்கது, தொடைத் தசையில் செலுத்தும் அட்ரினலின் ஊசியே. கைம்மருந்து செய்து காலங்கழித்தல் தகாது. இத்தகைய ஒவ்வாமையை மறந்திருத்தல் முதற்கேடு.

இல்லாத ஒவ்வாமையை உண்டென நம்பி வாழ்தல் இரண்டாங்கேடு. மருந்துண்டபின் குமட்டலோ வயிற்றுப்போக்கோ தோன்றின், அது பெரும்பாலும் பக்கவிளைவேயன்றி ஒவ்வாமை அன்று. வைரஸ் காய்ச்சலால் குழந்தையின் மேனியில் எழுந்த தடிப்புக்கு அமாக்சிசிலின் மீது பழி சுமத்துவதும் உண்டு. அமெரிக்க நாட்டில் பெனிசிலின் ஒவ்வாதெனக் கூறுவார் நூற்றுக்குப் பதின்மர். அவரை முறைப்படி சோதித்தால், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதனைத் தாங்குவோராகவே காணப்படுகின்றனர். மெய்யான ஒவ்வாமையும் பத்தாண்டுகளில் பெரும்பாலோர்க்கு நீங்கிவிடுகின்றது. வீண் அச்சத்தால் எளிய மருந்தை நீக்கி, விலைமிக்க மருந்தை நாட நேர்கின்றது. மூட்டுவாதக் காய்ச்சலால் இதயம் பழுதுற்ற சிறார்க்கு, மூன்று நான்கு வாரங்கட்கு ஒருமுறை இடும் பெனிசிலின் ஊசியே காப்பு. ஆதாரமற்ற அச்சம் அதனைத் தடுப்பின், அவர் கதி என்னாம்?

இங்ஙனம் கூறுவதால், எவரும் தாமே மருந்துண்டு சோதித்தல் கூடாது. அது மருத்துவர் முன்னிலையில் நிகழ வேண்டுவது. மருந்தால் தோல் கொப்புளித்து உரிந்து, வாயும் கண்ணும் புண்பட்டவர் அம்மருந்தை மீண்டும் தீண்டலாகாது.

நம் ஊர்க் கடைகளில் மாத்திரைப் பட்டையைக் கத்தரித்து, நான்கு மாத்திரைகளை உறையிலிட்டுத் தருவதைக் காணாதார் யார்? பெயர் பொறித்த பகுதி கடையிலேயே தங்கிவிடுகின்றது. நாளை துன்பம் நேரின், எம்மருந்தென்று எங்ஙனம் கூறுவது? இன்று கடலூர் மஞ்சக்குப்பத்து அரசு மருத்துவமனையில் மருந்துண்டவர், மறு ஆண்டு சிதம்பரத்து மருத்துவமனை ஒன்றுக்கு வருதல் இயல்பே. பழைய செய்தி அவருடன் வாராவிடின், புதிய மருத்துவர் செய்வது யாது?

ஆதலின் நாம் வேண்டுவது ஒன்றே. மருந்தின் பெயர், உண்ட ஆண்டு, எத்துணை நேரத்தில் என்ன நேர்ந்தது, எம்மருந்தால் தணிந்தது என்னும் நான்கையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்க. மருந்தால் நேரும் தீங்குகளைத் தொகுக்க 2010ஆம் ஆண்டில் இந்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. 1800-180-3024 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியில் எவரும் அதற்குத் தெரிவிக்கலாம்.

மாணவ அன்பர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், எழுத்தறியாத பாட்டிக்கும் பாட்டனார்க்கும் இச்சீட்டை நீவிரே எழுதிக் கொடுமின். மயங்கிக் கிடப்பவர் வாய் பேசாது. அவர் பையிலுள்ள சீட்டுப் பேசும்.