கையில கயிறு எதுக்கு?

“இந்தக் காலத்துப் பசங்க சாதியெல்லாம் மறந்துடுவாங்கன்னு நெனச்சோம். இதுங்க நம்ம தாத்தா காலத்துக்கே போயிடுச்சுங்களே!” நாங்குநேரிக்குப் பிறகு இந்தப் புலம்பலை நான் கேட்காத இடமில்லை. சேலையூர் டீக்கடையில், தாம்பரம் ரயிலில், வங்கியில் மதியம் சாப்பிட உட்காரும் இடத்தில், நம் தோழர்களின் கூட்டங்களிலும்கூட. சொல்பவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். சொல்லி முடித்ததும் முகத்தில் ஒரு நிம்மதி. பழி பசங்க தலையில் போய் விழுந்துவிட்டது அல்லவா.

2023 ஆகஸ்ட் 9 இரவு. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி. பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனின் வீடு புகுந்து, அவனோடு ஒரே பள்ளியில் படித்த பையன்களே அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அவன் செய்த குற்றம் என்ன? நன்றாகப் படித்தான். ஆசிரியர்கள் பாராட்டினார்கள். கடைக்குப் போய் அதை வாங்கி வா, இதை வாங்கி வா என்று ஏவியபோது மறுத்தான். கொடுமை தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் நின்றவன், ஏன் வரவில்லை என்று கேட்டபோது உண்மையைச் சொன்னான். அன்று ராத்திரியே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். 2024 மே மாதம் அந்தப் பையன் பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தான், வெட்டுப்பட்ட கையோடு.

இதற்கு முந்தைய வருசம், 2022 ஏப்ரலில், அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில் கயிறு கட்டும் விவகாரத்தில் ஏற்பட்ட சண்டையில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் செத்தே போனான். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சை எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு தலித் மாணவனை வழிமறித்து வெட்டினார்கள், கை விரல்கள் துண்டாக. கபடியில் தோற்ற ஆத்திரம் என்றார்கள்.

இதையெல்லாம் பழமைப்பற்று என்கிறார்கள். பிள்ளைகள் மரபுக்குத் திரும்புகிறார்களாம். நான் கேட்கிறேன்: எந்த மரபில் கையில் கலர்க் கயிறு இருந்தது?

தாத்தா காலத்தில் கயிறு தேவைப்படவில்லை தோழர்களே. யார் எவன் என்று ஊருக்கே தெரியும். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவன் யார், துண்டை இடுப்பில் கட்டியவன் யார், டீக்கடை வாசலில் தேங்காய்ச் சிரட்டையில் வாங்கிக் குடித்தவன் யார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். உடம்பே அடையாளமாக இருந்தது. நிலமும் களத்துமேடும் அந்த அடையாளத்தைக் காவல் காத்தன.

இன்றைக்கு ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்று பாருங்கள். ஒரே சீருடை. அரசு கொடுத்த ஒரே சைக்கிள். காதோரம் ஒட்ட வெட்டிய ஒரே முடி. ஒரே செல்போன், அதில் ஒரே பாட்டு. சேரிப் பையன் எவன், ஊர்ப் பையன் எவன்? கண்டுபிடி பார்க்கலாம்! முடியவில்லை. அதனால்தான் கயிறு. கயிறு பலத்தின் அடையாளம் அல்ல, பதற்றத்தின் அடையாளம். நம் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள், அதிக மார்க் வாங்கிவிட்டார்கள், கபடியில் ஜெயித்துவிட்டார்கள் என்பதால் வந்த பதற்றம். மரபு உயிரோடு இருந்தால் அதைக் கையில் கட்டிக்கொண்டு திரிய வேண்டிய அவசியமில்லை.

அப்படியானால் போன தலைமுறை யோக்கியமா? 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தியவர்கள் விடலைப் பையன்களா? 1997 ஜூன் 30இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் தோழர்களையும் பேருந்தை மறித்து வெட்டியவர்கள் கையில் கயிறு இருந்ததா? அதே 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கலவரம் செய்தவர்கள் இன்றைக்குத் தாத்தாக்கள். கடைசியில் அரசாங்கம் எல்லாத் தலைவர்களின் பெயரையும் சேர்த்தே எடுத்தது. நியாயம் செய்தாகிவிட்டதாம்! அந்தத் தாத்தாக்கள் வீட்டுப் பிள்ளைதான் இன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். கோயில் கொடையில் கயிறு கட்டிவிடுவது மாமன். ப்ளெக்ஸ் வைக்கக் காசு கொடுப்பது சித்தப்பன். பதினைந்து வயசுப் பையன் சாதியைக் கண்டுபிடிக்கவில்லை. அவனுக்கு அது கையளிக்கப்பட்டது.

சாதி மேலிருந்து கீழாகப் பார்த்துப் பார்த்து ஒட்டிக்கொள்கிற தொற்று என்பதை அண்ணல் அம்பேத்கர் 1916இலேயே, கொலம்பியாவில் மாணவனாக இருந்தபோது எழுதிவிட்டார். அப்போது அவருக்கு வயசு இருபத்தைந்து. இப்போது அந்தத் தொற்றுக்கு மூன்றங்குலத் திரை கிடைத்திருக்கிறது. அரிவாளும் மீசையும் சிங்கமும் போட்ட முப்பது வினாடிப் படம், பின்னணியில் சினிமாப் பாட்டு. கிழவன் சொன்னால் கேட்காத பையன், அதைப் பார்த்து மயங்கிப் போகிறான்.

அரசு என்ன செய்தது? 2019இல் பள்ளிக் கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு ஆகியவற்றைக் கொண்டு சாதி காட்டும் பள்ளிகளைக் கண்டறிந்து தடுக்கச் சொன்னது. இந்து மதத்துக்கு ஆபத்து என்று இந்துத்துவக் கூட்டம் குதித்ததும் அரசு பம்மியது. அன்றைக்கு அதை ஒழுங்காகச் செய்திருந்தால் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது. நாங்குநேரிக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர்க் குழு. 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கயிறை அறுக்கச் சொன்னதை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள், ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும். ஆனால் அதே அறிக்கை, பள்ளிகளின் பெயரிலிருந்து சாதியை எடு என்கிறது. ஒரு பகுதியின் ஆதிக்க சாதியைச் சேர்ந்தவரையே அங்கே கல்வி அதிகாரியாகவும் தலைமையாசிரியராகவும் போடாதே என்கிறது. இதைப் பற்றி டீக்கடையில் யாரும் பேசிக் கேட்கவில்லை. பையன் கையில் கயிறு இருப்பது தெரிகிறது, வாத்தியார் மனசில் இருப்பது தெரிவதில்லை.

‘அதெல்லாம் திருநெல்வேலி சமாச்சாரம், நம்ம மெட்ராஸ் பக்கம் கிடையாது’ என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள்தான் நானும். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு முகத்தைவிட மணிக்கட்டுதான் முதலில் தெரியும். செலான் நீட்டுகிற கை, கையெழுத்துப் போடுகிற கை. தமிழ்ப் புதல்வன், புதுமைப் பெண் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் வரத் தொடங்கியதிலிருந்து கணக்குக்காக வருகிற கல்லூரிப் பிள்ளைகள் ஏராளம். இந்தப் பக்கம் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற தெற்கத்திப் பையன் ஒருவன் போன வருசம் வந்தான். வயசு பதினெட்டு இருக்கும். மரியாதையான பையன். வாய்க்கு வாய் சார். மணிக்கட்டில் இரண்டு நிறத்தில் தடியாக ஒரு கயிறு. “என்னப்பா இது?” என்றேன்.

“சும்மா சார். ஊர்ல எல்லாரும் கட்டுவோம்.”

படிவத்தை வாங்கிக்கொண்டு நான் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். மெல்லக் கேட்டான்.

“சாருக்கு எந்த ஊரு?”

“இங்கதான், சேலையூர்.”

“அதுக்கு முன்னாடி சார்?”

“மதுராந்தகம் பக்கம்.”

“மதுராந்தகத்துல எங்க சார்?”

பதினெட்டு வயசு! வலை போடுகிற லாவகத்தைப் பாருங்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? “டோக்கன் எடுத்த மத்தவங்க நிக்கறாங்க தம்பி” என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

என் அப்பா தாம்பரத்தில் ரயில்வே கலாசியாக இருந்தவர். 1991இல், அண்ணலின் நூற்றாண்டு விழா சமயத்தில், சட்டையில் அம்பேத்கர் பேட்ஜைக் குத்திக்கொண்டுதான் வேலைக்குப் போவாராம். எந்த ஊரு என்று யாராவது இழுத்தால், “ஊரு இல்லீங்க, சேரி” என்று முகத்துக்கு நேராகச் சொல்வார். கேட்டவன்தான் தலையைக் குனிவான். அவர் பிள்ளை நான். பட்டதாரி. கவிதை வேறு எழுதுகிறேன், அதில் பறையும் நெருப்பும் அனல் பறக்கும். ஒரு பொடியன் கேட்ட கேள்விக்குக் கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். தலைமுறை பின்னால் போகிறது என்று புலம்புகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

புறநகரில் நம்மில் பலர் இப்படித்தான் வாழ்கிறோம். வாடகை வீட்டுக்காரருக்குப் பயந்து சுவரில் அண்ணல் படம் மாட்டுவதில்லை. பிள்ளையிடம் சாதி பற்றிப் பேசுவதில்லை, ‘படிக்கிற பிள்ளை மனசு கெட்டுடும்’ என்று. நாம் பேசாமல் விட்ட இடத்தில் கயிறு கட்டியவன் பேசுகிறான். நம் பசங்களிலேயே சிலர் பதிலுக்குப் பதில் ஒரு கயிறு கட்டிக்கொண்டு திரிகிறார்கள். அதைப் பார்த்து எனக்குக் கோபம் வருவதைவிட வெட்கம்தான் வருகிறது. அவனுக்குக் கயிறைத் தவிர வேறெதையும் நாம் கொடுக்கவில்லையே.

அக்கா பையன் ஒன்பதாவது படிக்கிறான், இங்கே கேம்ப் ரோடு பக்கம். இரண்டு மாசத்துக்கு முன்னால் ராத்திரிச் சோறு சாப்பிடும்போது கேட்டான்: “மாமா, நம்ம என்ன ஆளுங்க?” நான் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டாள். “அதெல்லாம் கேக்கக் கூடாது. சாப்ட்டுட்டுப் போய்ப் படி.” சரி, ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துச் சொல்லலாம், தாத்தாவின் பேட்ஜை எடுத்துக் காட்டலாம் என்றிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமே பையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து நின்றான்.

“நீ சொல்ல வேணாம் மாமா. ஸ்கூல்லயே சொல்லிட்டாங்க.”