ஒலியாத எழுத்துகள்

ஆங்கிலத்திலே வீரனைக் குறிக்கும் 'நைற்' என்னுஞ் சொல்லைப் பிள்ளை முதலெழுத்தாகிய 'கே' இன்றி எழுதினாற் கடிந்துகொள்கிறோம். அதன் செவி பிழைசெய்யவில்லை. முற்கால ஆங்கிலேயர் அந்தக் 'கே'யை ஒலித்தே பேசினர். 1476இல் வில்லியம் கக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். அச்சு வளர வளர எழுத்து நிலைபெற்றது; நாவோ மாறிக்கொண்டே சென்றது. 17ஆம் நூற்றாண்டில் அவ்வொலி மறையத் தொடங்கியது. எழுத்து மட்டும் எஞ்சிற்று.

கடனைக் குறிக்கும் 'டெற்' என்பதிலுள்ள 'பீ'யோ ஆங்கிலேயர் நாவில் என்றுமே ஒலித்ததன்று. இலத்தீன் மூலத்தைக் காட்ட விழைந்த அறிஞர் அதனை இடையிற் புகுத்தினர். 1755இல் வெளிவந்த ஜோன்சன் அகராதியும் அதனை ஏற்றது.

ஆதலின், பெற்றோரே, பிழையைத் திருத்துங்கள்; பிள்ளையை மூடன் என்னாதீர்கள். கடியுமுன் அவ்வெழுத்தின் கதையைச் சொல்லுங்கள். கதை மனத்தில் நின்றால் எழுத்தும் நிற்கும்.