கடன் போன பீரியட்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் உங்கள் வீட்டுப் பையன் கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுகிறான் அல்லவா? அதை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு கட்டத்தில் 'பி.டி.' என்று இருக்கும். அந்த இரண்டை மட்டும் அவன் சிவப்பு மையில் எழுதியிருந்தால் கோபிக்காதீர்கள். நானும் அப்படித்தான் எழுதினேன்.

அட்டவணையில் இருப்பது வேறு, நடப்பது வேறு. ஆடி மாதம் பிறப்பதற்குள் கணக்கு வாத்தியார் வாசலில் வந்து நிற்பார். "இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் உங்க பீரியடைக் கொடுங்க சார், பாடம் முடியலை" என்பார். டிரில் மாஸ்டர் சாதுவான மனிதர், கொடுத்துவிடுவார். அடுத்த வாரம் விஞ்ஞான வாத்தியார் வருவார். திரும்பி வராத கடன்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. ஆனால் டிரில் பீரியடைப் போல் இவ்வளவு கூச்சமில்லாமல் வாங்கப்படும் கடன் வேறு கிடையாது. கணக்கு பீரியடை டிரில் மாஸ்டர் என்றைக்காவது கடன் கேட்டதாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

2002-ல் நான் ஒன்பதாம் வகுப்பு. பையன்கள் மட்டும் படிக்கும் உயர்நிலைப் பள்ளி, பத்தாவதோடு முடிந்துவிடும். பத்தாம் வகுப்புக்காரர்கள் அரசாங்கப் பரீட்சைக்காகச் சிறை வைக்கப்பட்டவர்கள். ஆகவே மைதானத்துக்கும் மேடைக்கும் ஒன்பதாம் வகுப்புத்தான் ராஜா.

எங்கள் வகுப்பில் ஒருவனைக் 'கேப்டன்' என்றே கூப்பிடுவோம். கணக்கில் அவன் வாங்கும் மார்க்கை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஆனால் சடுகுடு ஆட்டத்தில் 'கபடி, கபடி' என்று பாடிக்கொண்டு எதிர்க் களத்துக்குள் நுழைந்தானானால், இரண்டு பேரையாவது தொடாமல் திரும்ப மாட்டான். அப்படி ஒரு மூச்சு!

ஆகஸ்டு மாதம் ஒரு சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மைதானத்தோரமாகப் போன தமிழையா, இந்தப் பாட்டைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். ஆண்டு விழாவுக்காக அவர் ஒரு கண்ணகி நாடகம் எழுதியிருந்தார். பாண்டியன் சபையில் கண்ணகி பேசும் வசனம் ஒன்றரைப் பக்கம். நடுவில் முற்றுப்புள்ளி என்பதே கிடையாது. ஒத்திகையில் இரண்டு பையன்கள் ஏற்கெனவே பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுபோயிருந்தார்கள்.

"நானா? பொம்பளை வேஷமா?" என்று கேப்டன் பின்வாங்கினான்.

"டி.கே. சண்முகம் ஔவையார் வேஷம் கட்டித்தானேடா 'ஔவை சண்முகம்' ஆனார்?" என்றார் தமிழையா. அந்தப் பெயரை எங்களில் யாரும் கேட்டதில்லை. இருந்தாலும் அவர் சொன்ன தோரணையில் கேப்டன் சரி என்றுவிட்டான்.

அன்றிலிருந்து மணி நாலரை ஆனால் ரகளைதான். டிரில் மாஸ்டர் ஒரு கையைப் பிடித்து இழுப்பார், தமிழையா மறு கையை. ஆறு மணிக்கு அவனுடைய அப்பா டீக்கடைக்குக் கிளாஸ் கழுவக் கூப்பிடுவார். கடைசியில் முக்கால் மணி மைதானம், முக்கால் மணி மேடை என்று சமாதானம் ஏற்பட்டது. முழங்காலெல்லாம் புழுதியோடு கண்ணகி வந்து நியாயம் கேட்பாள்!

பிப்ரவரியில் வியாழக்கிழமை விளையாட்டு விழா, மறுநாள் ஆண்டு விழா. சடுகுடு இறுதி ஆட்டத்தில் மூன்று பேர் சேர்ந்து அமுக்கியதில் கேப்டனுக்கு வலது கணுக்கால் பிசகிவிட்டது. இரவோடு இரவாக அது பூசணிக்காய் ஆயிற்று. மறுநாள் மாலை டிரில் மாஸ்டரே திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கட்டுப் போட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்து மேடை ஏற்றிவிட்டார். கண்ணகி நொண்டிக்கொண்டே வந்தாள். ஒற்றைச் சிலம்பைத் தூக்கிப் பிடித்து, ஒன்றரைப் பக்கத்தையும் ஒரே வீச்சில் கொட்டித் தீர்த்தாள். கூட்டத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. கணக்கு வாத்தியார் எழுந்து நின்று கை தட்டியதை என் கண்ணால் பார்த்தேன். "புகாரிலிருந்து மதுரை வரை நடந்து வந்த களைப்பைக் காலிலேயே காட்டிவிட்டானே பையன்!" என்று தலைமை வகித்தவர் புகழ்ந்தார். தமிழையா மறுத்துப் பேசவில்லை.

ஜூனில் பத்தாம் வகுப்பு வந்தது. அட்டவணையில் பி.டி. என்ற கட்டமே இல்லை. கடன் வாங்கும் சிரமமும் மிச்சம். நாலரை மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ். காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகு கேப்டனுடைய இடம் காலியாகிவிட்டது. டிரில் மாஸ்டரும் தமிழையாவும் சேர்ந்து டீக்கடைக்குப் போய்க் கூப்பிட்டார்கள். "அங்கே எனக்கு என்ன சார் இருக்கு?" என்று கேட்டானாம். இருவரும் டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் திரும்பிவிட்டார்கள்.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை உங்களுக்குத் தெரியும். ஐந்து வயதில் பஸ் ஏறிக் கால் நசுங்கிய பையன். பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவனை உயரம் தாண்டிப் பார் என்று தூண்டியவர் உடற்பயிற்சி ஆசிரியர். 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். ஒவ்வொரு டிரில் பீரியடிலிருந்தும் ஒரு மாரியப்பன் கிளம்புவார் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் கேப்டன் மெடல் வாங்கியிருக்க வேண்டாம். பத்தாவது வரையில் பள்ளிக்கு வந்திருந்தால் போதும்.

2022-லிருந்து தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறார்கள். ஒன்பது, பத்து வகுப்புகளுக்கென்று தனிப் பிரிவே வைத்தார்கள். நல்ல காரியந்தான். ஆனால் திருவிழா வருஷத்துக்கு ஒரு முறை. டிரில் பீரியட் வாரத்துக்கு இரண்டு முறை.

சாயங்காலம் பையன் வந்ததும் 'இன்றைக்கு என்ன பாடம் நடந்தது?' என்றுதானே கேட்கிறோம்? ஒரு நாள் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். எட்டாவது படிக்கும் என் அக்கா பையனிடம் போன வாரம், "பி.டி. பீரியடில் என்னடா செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

"அல்ஜீப்ரா, மாமா" என்றான்.