செயலியின் மெருகும் தறியின் மெருகும்

நமது நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் விளைபொருள் விற்பனைச் சங்கங்களும் தம் சரக்கை வாங்குவோர் கண்முன் வைக்கும் விதம் இன்று பெரிதும் மாறிவிட்டது. முன்னர் சேலையை விரித்துக் காட்ட விற்பனைக் கூடமும், மஞ்சளை அள்ளிக் காட்ட ஏலக்களமும் வேண்டியிருந்தன. இப்பொழுதோ சங்கக் காரியதரிசியின் சட்டைப்பையில் உள்ள செல்பேசியே அவ்விரண்டின் வேலையிலும் ஒரு பங்கைச் செய்கிறது. படத்தைப் பார்த்தே விலை பேசும் வாடிக்கையாளர் உள்ளூரிலும் உண்டு, வெளிநாட்டிலும் உண்டு. ஆகவே, படம் எடுக்கும் முறையும், எடுத்த படத்தைச் செயலிகளைக் கொண்டு அழகுபடுத்தும் முறையும் நம் அங்கத்தினர் அனைவரும் சிந்திக்க வேண்டிய விஷயங்களாகின்றன.

இவ்வழகுபடுத்தலில் நம் இளைஞர்கள் பெரிதும் விரும்புவது, படத்தின்மேல் ஒருவகைச் சொரசொரப்பை ஏற்றுவதாகும். பழங்காகிதத்தின் கறை, சுவரின் வெடிப்பு, கித்தானின் முரட்டு இழை, பழைய பிலிமில் காணும் புள்ளி ஆகிய இவற்றுள் ஒன்றை மெல்லிய திரைபோலப் படத்தின்மீது படியச் செய்தால், சாதாரணப் படமும் ஓவியத்தின் சாயலைப் பெறுகிறது. இதனை நாம் இழிவாகக் கருதவில்லை. இது கற்கத்தக்க கலையே. ஆயினும், எக்கலைக்கும் உரிய இடமும் உண்டு. உரியதல்லாத இடமும் உண்டு. விற்பனைக்கு வைக்கும் சரக்கின் படத்தில் இக்கலைக்கு இடமில்லை என்பதே நமது துணிபு.

இக்கலை செல்பேசியோடு பிறந்ததன்று. 1839இல் பிரான்சு நாட்டின் டாகெர் கண்ட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்ட நாள்தொட்டே, நிழற்படம் கலையா, வெறும் பதிவா என்ற வாதம் இருந்துவந்தது. அதனைக் கலையென்று நிலைநாட்ட விரும்பியவர்கள் படத்தை ஓவியம்போலத் தோன்றச் செய்ய முயன்றனர். 1890களில் பிரெஞ்சுக்காரரான ராபர்ட் டெமாஷி கோந்து முறையைக் கையாண்டு புகழ் பெற்றார். கோந்தும் ஒரு ரசாயன உப்பும் வண்ணப்பொடியும் கலந்து காகிதத்தில் பூசி, வெளிச்சம் படவைத்து, நீரில் கழுவும்பொழுது தூரிகையால் வேண்டாத பகுதிகளை மங்கச் செய்வது அம்முறை. அமெரிக்காவில் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் 1902இல் இக்கருத்துடையோரை ஒன்றுசேர்த்து ஓர் இயக்கம் கண்டார். பின்னர் அவரே, பூச்சும் தூரிகையும் இல்லாத நேரிய படத்தின் பக்கம் திரும்பினார். 1932இல் எட்வர்டு வெஸ்டனும் ஆன்சல் ஆடம்ஸும் வேறு சிலரும் கலிபோர்னியாவில் 'எஃப் 64' என்ற குழுவை அமைத்தனர். லென்சின் மிகச் சிறிய துவாரத்தைக் குறிக்கும் எண் அது. பொருளின் ஒவ்வொரு நுணுக்கமும் கூர்மையாகத் தெரியவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. இவ்விரு கட்சியும் கலைஞர் கட்சியே. நமது சங்கங்களுக்கு இரண்டும் வேண்டும். எதனை எவ்விடத்தில் என்பதே கேள்வி.

முதலில், உரிய இடத்தைப் பார்ப்போம். கைத்தறிக் கண்காட்சியின் சுவரொட்டி, சங்கத்தின் நாட்காட்டி, ஆண்டறிக்கையின் அட்டை, மஞ்சள் காயும் களத்தின் காட்சி, விடியற்காலையில் தெருவில் பாவு தோயும் காட்சி, தறிக்குழியில் அமர்ந்திருக்கும் மூத்த நெசவாளியின் உருவம் முதலியவற்றுக்கு இக்கலை பொருத்தமானது. வேலை முறையும் கடினமன்று. கூகுள் நிறுவனம் 2012இல் தன்னுடையதாக்கிக்கொண்ட ஸ்னாப்ஸீட் என்ற இலவசச் செயலியை எடுத்துக்கொள்வோம். அதில் 'டபிள் எக்ஸ்போஷர்' என்ற பிரிவு ஒரு படத்தின்மேல் மற்றொரு படத்தை ஏற்றுகிறது. மேற்படத்தின் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால், அதன் சொரசொரப்பு மட்டும் அடிப்படத்தில் ஊறினாற்போல் நிற்கும். செய்த ஒவ்வொரு படியையும் அச்செயலி தனித்தனியே நினைவில் வைத்திருப்பதால், பின்னர் அப்படியைத் திறந்து, வேண்டிய இடத்தில் மட்டும் விரலால் தடவிப் படியச் செய்யலாம். முகத்தை விட்டுவிட்டுப் பின்புலத்தில் மட்டும் சொரசொரப்பு நிற்கச் செய்வது இவ்வாறே.

இங்கு ஒரு யோசனை கூற விரும்புகிறோம். இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் அயல்நாட்டுப் பழங்காகிதத்தையும் துருப்பிடித்த தகட்டையும் நாம் ஏன் நாடவேண்டும்? நம் சங்கக் கிடங்கின் கோணிச்சாக்கு, முரட்டுக் கதர், சாணம் மெழுகிய தரை, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், கஞ்சி காய்ந்த பாவு ஆகியவற்றை அருகில் நின்று படமெடுத்து வைத்துக்கொண்டால், அவையே நமது சொந்தத் திரைகளாகும். அவ்வாறு செய்த நாட்காட்டி எந்த ஊருடையது என்று எவரும் கேட்க வேண்டியிராது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். செயலிகளில் நுணுக்கங்களை முறுக்கிக் காட்டும் 'ஸ்ட்ரக்சர்' என்ற கருவி உண்டு. முதியோர் முகத்தில் அதனை மிகுதியாகச் செலுத்தினால் சுருக்கம் ஒவ்வொன்றும் பள்ளமாகிறது. தோல் கருத்து வெடித்த நிலம்போல் ஆகிறது. பார்ப்பவர் இரக்கம் கொள்வார் என்று எண்ணி இதனைச் செய்கின்றனர். நெசவாளி இரந்து நிற்பவர் அல்லர், தொழில் வல்லவர். தம் படத்தை அவரிடம் காட்டி, அவர் மனம் ஒப்பிய பின்னரே வெளியிடுதல் முறை.

இனி, இக்கலைக்கு உரியதல்லாத இடத்திற்கு வருவோம். கைத்தறித் துணியின் மதிப்பு எதில் இருக்கிறது? அதன் இழையில் இருக்கிறது. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் மூன்று நாடாக்களைக் கொண்டு நெய்து கோக்கப்படுகின்றன. கோத்த இணைப்பே நெசவாளியின் திறமைக்குச் சாட்சி. நெய்யும்பொழுது துணியின் அகலம் சுருங்காதிருக்க இரு ஓரங்களிலும் ஊன்றும் ஊசிகளின் நுண்துளைகளும், ஊடை விழுந்த அடியில் காணும் சிற்றளவு ஏற்றத்தாழ்வும் கைத்தறியின் அடையாளங்கள். விஷயம் அறிந்த வாடிக்கையாளர் இவற்றைத்தான் தேடிப் பார்க்கிறார். படத்தின்மேல் காகிதக் கறையோ பிலிம் புள்ளியோ படியும்பொழுது முதலில் மறைவன இவையே. வழவழப்பாக்கும் கருவி கைத்தறியை விசைத்தறியாகக் காட்டுகிறது. முறுக்கிக் காட்டும் கருவி 100ஆம் நம்பர் நூலை 40ஆம் நம்பர் நூலாகக் காட்டுகிறது. நெசவாளி நாட்கணக்கில் உழைத்து உண்டாக்கிய உண்மையான மெருகை, ஒரு விரல் அசைவில் உண்டாகும் பொய் மெருகு மூடிவிடுகிறது.

அப்படியானால் விற்பனைப் படம் மங்கலாகவும் உயிரற்றும் இருக்கவேண்டுமா என்று கேட்கலாம். வேண்டுவதில்லை. துணியின் சொரசொரப்பை வெளிக்கொணர்வது வெளிச்சமே. துணியைச் சன்னலருகே மேசைமீது விரித்து, காலையிலோ மாலையிலோ பக்கவாட்டில் தாழ்ந்து விழும் வெளிச்சத்தில், காமிராவை நேர்மேலே பிடித்து எடுத்தால், ஒவ்வோர் இழையும் தன் சிறு நிழலை அருகில் விழவிடுகிறது. அந்நிழலால் இழையமைப்பு கைக்கு எட்டுவதுபோல் எழுந்து நிற்கும். பிளாஷ் வெளிச்சமும் மேலிருந்து விழும் குழல் விளக்கும் இந்நிழலை அழித்துவிடும். அண்மைப்படம் எடுக்கையில் அருகில் ஓர் அளவுகோலை வைத்தால், அங்குலத்திற்கு எத்தனை இழை என்பதை வாங்குபவரே எண்ணிக்கொள்ளலாம். மெல்லிய துணியில் அலையலையாக வண்ணக்கோடுகள் தோன்றுவதுண்டு; அது துணியின் குறையன்று. துணியின் இழைவரிசையும் காமிராவின் புள்ளிவரிசையும் மோதுவதால் உண்டாவது அது. சற்று முன்னோ பின்னோ நகர்ந்து எடுத்தால் பெரும்பாலும் மறையும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு நுணுக்கம் கெடும். ஆவணமாக அனுப்பினால் கெடாது.

செயலியை அறவே தொடக்கூடாது என்றும் நாம் சொல்லவில்லை. திருத்தம் வேறு, சேர்க்கை வேறு. குழல் விளக்கின் கீழ் நீலம் பாய்ந்த படத்தில் வெள்ளையை வெள்ளையாக்குவது திருத்தம். இருண்ட படத்திற்கு ஒளி கூட்டுவதும், கோணலை நேராக்குவதும் திருத்தமே. துணியில் இல்லாத கறையை ஏற்றுவதும், ஜரிகையில் இல்லாத பளபளப்பைக் கொடுப்பதும் சேர்க்கை. சந்தேகம் எழுமிடத்து, பகல் வெளிச்சத்தில் துணியின் அருகே செல்பேசியை வைத்து, நெய்தவரும் மற்றோர் அங்கத்தினரும் பார்க்கட்டும். இரண்டும் ஒன்றென்று இருவரும் சொன்னால் படம் போகலாம்.

சங்கங்களின் கணக்கையும் இருப்பையும் பார்வையிடும் பணியில் உள்ள நாம், இதன் விளைவை ஏட்டிலேயே காண்கிறோம். ஒரு சங்கத்தில், நல்ல நீல நிறப் பருத்திச் சேலைகளின் படங்களுக்குப் பழமைத் தோற்றம் தரும் திரை ஒன்றை ஏற்றினர். நீலம் மங்கிப் பழுப்போடியது. வாங்கியவர் அதனை இயற்கைச் சாயம் என்று நம்பினார். பெட்டியைத் திறந்ததும் பளிச்சென்ற நீலத்தைக் கண்டு அத்தனையும் திருப்பியனுப்பினார். சேலையில் பழுதில்லை, சாயத்தில் பழுதில்லை, நெய்தவர்மேலும் பழுதில்லை. ஆனால் இருவழிப் பார்சல் கூலி செலவில் ஏறியது. சேலைகள் மடிப்புக் குலைந்து இருப்பில் முடங்கின. முடங்கிய சரக்கின்மேல் காசுக்கடன் வட்டி ஓடியது. அந்த வட்டி முடிவில் யார் தலையில் விழுகிறது என்பதை அங்கத்தினர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

சட்டமும் இதில் வாங்குபவர் பக்கம் நிற்கிறது. மின்வணிகத் தளங்களின் வழியே விற்போர், விளம்பரத்தில் காட்டிய தன்மை சரக்கில் இல்லையெனில் அதனைத் திரும்பப் பெற மறுக்கலாகாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் கூறுகின்றன. படமும் விளம்பரமே.

விளைவிப்போர்க்கும் இது பொருந்தும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளை எடுத்துக்கொள்வோம். விரலியின் படத்தில் மஞ்சளை மேலும் மஞ்சளாக்கினால் விலை கூடும் என்று சிலர் நினைக்கின்றனர். மஞ்சளுக்கு ஈயக் குரோமேட் போன்ற நச்சுச் சாயம் ஏற்றும் மோசடியை அறிந்த வியாபாரி, மிகையான நிறத்தைக் கண்டால் மகிழ்வதில்லை, ஐயுறுகிறார். உடைத்த விரலியின் உட்புறத்தை உள்ளது உள்ளபடி காட்டும் ஒரு படம் அவருக்குப் போதும்.

தனியார் எல்லாரும் படத்தைப் பளபளக்கச் செய்கையில் நாம் மட்டும் செய்யாவிட்டால் பின்தங்கிவிடுவோம் என்ற ஆட்சேபணை எழக்கூடும். அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. எளிய படம் கூட்டத்தில் கண்ணில் படாமலே போகலாம். அதற்காகத்தான் கலைப்படத்தை முன்னே நிறுத்துங்கள் என்கிறோம். அது வாடிக்கையாளரை வாசலுக்கு அழைத்து வரட்டும். உள்ளே வந்தவருக்குச் சரக்கின் மெய்ப்படத்தைக் காட்டுங்கள். அழைத்தவர் ஏமாறாமல் திரும்பினால் மறுமுறையும் வருவார். தனி வியாபாரி நாளை வேறு பெயரில் கடை வைக்கலாம். சங்கத்திற்கு உள்ளது ஒரே பெயர்.

ஆகவே ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் கமிட்டியும் மூன்று காரியங்களைத் தீர்மானமாக நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்கிறோம். கலைப்படங்களையும் சரக்குப் படங்களையும் வெவ்வேறு தொகுப்பாக வைத்து, முன்னதில் 'அலங்காரப் படம்' என்று எழுதவேண்டும். சரக்குப் படம் ஒவ்வொன்றின் திருத்தப்படாத மூலத்தையும், செலவுக்கு வவுச்சர் வைப்பதுபோல், சரக்கு விற்றுத் தீரும்வரை காப்பாற்ற வேண்டும். அங்கத்தினர் குடும்பங்களில் ஆர்வமுள்ள இளைஞர் இருவருக்கு இவ்விரு கலையையும் பழக்குவித்து, அவர்கள் வேலைக்கு உரிய ஊதியமும் கொடுக்கவேண்டும். வரும் மகாசபைக் கூட்டத்திற்கு முன்னர் இவற்றைத் தொடங்கிவிட்டால், திரும்பிவரும் பார்சல்கள் குறைகின்றனவா என்பதை அடுத்த ஆண்டின் கணக்கேட்டில் அங்கத்தினரே பார்த்துக்கொள்ளலாம்.