ஏஐ வரைந்து தரும் சொட்டுநீர்த் திட்டம்: கடைசி மரத்துக்கு நீர் போகுமா?

சொட்டுநீர் அமைக்க நினைக்கும் விவசாயிகளில் சிலர் இப்போது கைப்பேசியில் ஒரு திட்டத்தோடு வருகிறார்கள். எத்தனை அங்குலக் குழாய், எத்தனை சொட்டுவான், எத்தனை குதிரைத்திறன் மோட்டார் என்று எல்லாம் அதில் இருக்கும். சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற ஏஐ செயலிகளிடம் தமிழில் கேட்டால் அரை நிமிடத்தில் இப்படி ஒரு பட்டியல் கிடைத்துவிடுகிறது. இதை நம்பிக் குழாய் வாங்கலாமா என்பதே இன்று வரும் கேள்வி.

நேரடியாகச் சொன்னால், அந்தப் பட்டியலை வைத்துக் குழாய் வாங்காதீர்கள். ஆனால் ஏஐயை ஒதுக்கவும் வேண்டாம். அதை எந்த வேலைக்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதில்தான் லாபமும் நட்டமும் இருக்கிறது.

பொருளைக் கேட்காதீர்கள், பலனைக் கேளுங்கள்

பொறியியலில் 'செயல்திறன் சார்ந்த வடிவமைப்பு' என்று ஒரு முறை உண்டு. இன்ன அளவில் செய் என்று சொல்லாமல், இன்ன பலன் கிடைக்க வேண்டும் என்று முதலில் தீர்மானித்து, அந்தப் பலனைத் தரும் வடிவத்தைத் தேடுவது. 2015-ல் ஏர்பஸ், ஆட்டோடெஸ்க் நிறுவனங்கள் விமானத்துக்குள் வைக்கும் தடுப்புச் சுவர் ஒன்றை இப்படித்தான் வடிவமைத்தன. எடை குறைய வேண்டும், பலம் குறையக் கூடாது என்பது நிபந்தனை. கணினி பல வடிவங்களை உருவாக்கியது. முடிவில் கிடைத்த சுவர், பழையதைவிட 45 சதவீதம் எடை குறைவு.

அங்கே ஒவ்வொரு வடிவமும் நிபந்தனையைத் தாங்குகிறதா என்று கணக்கிட்டுப் பார்த்தே தேர்வானது. கைப்பேசிச் செயலி உங்களுக்குத் தருவதோ, படித்த ஏராளமான எழுத்துகளை ஒட்டி எழுதப்பட்ட பதில். உங்கள் தோட்டத்தில் அது வேலை செய்யுமா என்று யாரும் சோதிக்கவில்லை. அந்தச் சோதனையை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

ஒரு ஏக்கர் தென்னைக்கு ஒரு கணக்கு

25 அடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 70 தென்னை. ஒரு மரத்துக்கு நாளொன்றுக்கு 80 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5,600 லிட்டர். மரத்துக்கு மணிக்கு 8 லிட்டர் சொட்டுவான் நான்கு வைத்தால், ஒரு மரத்துக்கு மணிக்கு 32 லிட்டர். இரண்டரை மணி நேரத்தில் 80 லிட்டர் போய்விடும். தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் ஓட மணிக்கு 2,240 லிட்டர் தேவை.

இதுவரை ஏஐ சரியாகச் சொல்லிவிடும். இனி வருவது உங்கள் நிலத்தில் மட்டுமே இருக்கும் விவரம்.

முதலாவது, போரின் கோடைக்கால ஊற்று. 200 லிட்டர் டிரம் 4 நிமிடத்தில் நிறைந்தால் மணிக்கு 3,000 லிட்டர், போதும். 8 நிமிடம் ஆனால் 1,500 லிட்டர்தான். தோட்டத்தை இரண்டாகப் பிரித்து ஓட்ட வேண்டும்.

இரண்டாவது, மேடு பள்ளம். ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 0.1 கிலோ அழுத்தம் குறையும். சாதாரண சொட்டுவான் சுமார் ஒரு கிலோ அழுத்தத்தில் ஓடுகிறது. ஒரே பிரிவுக்குள் அழுத்த வித்தியாசம் 20 சதவீதத்துக்குள் இருந்தால், சொட்டும் நீரின் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் நிற்கும். உங்கள் நிலம் 3 மீட்டர் ஏறுகிறது என்றால், அந்த மேடு ஒன்றே இந்த வரம்பைத் தாண்டிவிடும். அப்போது நிலத்தைப் பிரிக்க வேண்டும், அல்லது அழுத்தத்தைச் சமன்செய்யும் சொட்டுவான் போட வேண்டும்.

மூன்றாவது, குழாய் அளவு. 63 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 50 மி.மீ. போட்டால், அதே நீரோட்டத்துக்கு உராய்வு இழப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகும். பிவிசி குழாயில் நாம் சொல்லும் மி.மீ. வெளிவிட்டம் என்பதையும், கணக்குக்கு வேண்டியது உள்விட்டம் என்பதையும் மறக்கக் கூடாது. ஏஐ எதை எடுத்துக்கொண்டது என்று கேட்டுப் பாருங்கள்.

பல துறையை ஒரே மேசைக்குக் கொண்டுவர

சொட்டுநீர் ஒரு துறை வேலை இல்லை. நீர்த்தேவை பயிரியல், ஊறும் பரப்பு மண்ணியல், குழாய் பொறியியல், அடைப்பு நீர் வேதியியல், மோட்டார் மின்சாரம். மணல் நிலத்தில் சொட்டும் நீர் நேராகக் கீழே இறங்கும். களி நிலத்தில் பக்கவாட்டில் பரவும். இரும்புச் சத்து மிகுந்த நீர் சொட்டுவானை அடைக்கும். ஒரு துறை ஆள் மற்ற துறைக் கேள்வியை விட்டுவிடுவது சகஜம். ஏஐ உண்மையில் உதவுவது இங்கேதான்.

"ஒரு ஏக்கர் தென்னை, 70 மரம், செம்மண், மூன்று மீட்டர் சரிவு, கோடையில் மணிக்கு 3,000 லிட்டர் ஊற்று. ஒவ்வொரு மரத்துக்கும் கிடைக்கும் நீரில் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. இதைத் தீர்மானிக்க நான் இன்னும் என்ன விவரம் தர வேண்டும்?" என்று கேளுங்கள். பிறகு, நிறுவனம் கொடுத்த வரைபடத்தையும் விலைப்பட்டியலையும் கொடுத்து, "இவர்களிடம் நான் கேட்க வேண்டிய பத்துக் கேள்விகள் என்ன?" என்று கேளுங்கள். விடைக்கு ஏஐயை நம்புவதைவிடக் கேள்விக்கு நம்புவது பாதுகாப்பு.

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் சொட்டுநீர் மானியம் உள்ளது. மானியம்தானே என்று வடிவமைப்பைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அந்தக் குழாயோடு பல ஆண்டு வாழப்போவது நீங்கள்தான்.

சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்

யார் வரைந்தாலும் பரீட்சை ஒன்றுதான். முதல், மூன்றில் ஒரு பங்கு தூரம், மூன்றில் இரண்டு பங்கு தூரம், கடைசி என நான்கு லேட்டரல் குழாய்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் இதே போல் நான்கு சொட்டுவான். மொத்தம் 16 இடம். ஒவ்வொன்றின் கீழும் பாத்திரம் வைத்து 6 நிமிடம் நீர் பிடியுங்கள். கிடைத்த அளவைப் பத்தால் பெருக்கினால் ஒரு மணி நேர அளவு. 8 லிட்டர் சொட்டுவானில் 800 மில்லி வர வேண்டும்.

மிகக் குறைவாக வந்த நான்கின் சராசரியை, 16-இன் சராசரியால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 90-க்கு மேல் மிக நன்று; 80 முதல் 90 வரை நன்று; 70 முதல் 80 வரை சுமார்; 70-க்குக் கீழ் என்றால் சரிசெய்யச் சொல்லுங்கள்.

இது வெறும் எண் இல்லை. கடைசி மரங்களின் சொட்டுவானில் 5.4 லிட்டர்தான் வருகிறது என்றால், அவற்றுக்கு 80 லிட்டர் போக 3 மணி 42 நிமிடம் ஓட்ட வேண்டும். அதற்குள் 8 லிட்டர் வரும் முதல் மரங்களுக்கு 118 லிட்டர் போயிருக்கும். மரத்துக்கு 38 லிட்டர் வீண்; அந்த நீரோடு போட்ட உரமும் வீண். நேரத்தைக் குறைத்தாலோ, கடைசி மரம் கோடையில் குரும்பை உதிர்க்கும்.

சோதனை எண்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பிடித்துப் பாருங்கள். எண் இறங்கினால் முதலில் வடிகட்டியையும் குழாய் முனைகளையும் திறந்து கழுவுங்கள். அந்த எண்களை ஏஐயிடம் கொடுத்து எங்கே கோளாறு இருக்கலாம் என்று கேட்டால், பதில் முன்பைவிடப் பயனுள்ளதாக இருக்கும். அப்போது அது பேசுவது உங்கள் தோட்டத்து அளவுகளை வைத்து.