கறுப்பனின் மூச்சு



சென்ற மாதம் கடனைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த மாதமும் கடனில்தான் தொடங்குகிறேன், ஆனால் விடயம் ஒரு கிழட்டுப் பூனை. சிரிக்க வேண்டாம். நானும் முதலில் சிரித்தவள்தான்.

கிளிநொச்சிப் பக்கம் நான் போய்வரும் வீடொன்றில் ஒரு மாமி தனியாக இருக்கிறார். 2009 இல் மகனை இழந்தவர். மீள்குடியேறித் தறப்பாள் கொட்டிலில் இருந்த 2011 ஆம் ஆண்டில் ஒரு பூனைக்குட்டி தானாக வந்து சேர்ந்தது. அதுதான் கறுப்பன். "சமைக்கிறதுக்கு ஒரு காரணம் வேணுமே பிள்ளை" என்பார் மாமி.

சில மாதங்களுக்கு முன் கறுப்பன் சாப்பாட்டை விட்டது. நாயைப் போல வாயைத் திறந்து இளைத்தது. இதயம் பலவீனப்பட்டால் மனிதருக்கு வருவது போன்ற இருமல் பூனைக்கு அநேகமாக வராது. வாய் திறந்து இளைப்பதுதான் ஆபத்தின் அறிகுறி. மிருக வைத்தியர் ஊசி போட்டு நுரையீரலில் தேங்கிய நீரைக் குறைத்தார். இதயத் தசை தடித்திருக்கலாம், பூனைகளுக்கு அதிகம் வரும் இதய நோய் அதுதான், ஸ்கான் செய்தால்தான் உறுதியாகச் சொல்லலாம் என்றார். அதற்குப் பேராதனை மிருக வைத்திய பீடத்துக்குக் கொண்டுபோகலாம். ஏ9 வீதியால் கிட்டத்தட்ட 250 கிலோமீற்றர்.

மாமி தோட்டை அடைவு வைக்க யோசித்தார். ஏற்கெனவே நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை வந்துபோகும் வீடு அது. என்னிடம் கேட்டபோது நான் யோசிக்காமல் சொன்னேன், "மனிசருக்கே மருந்தில்லாத இடத்தில பூனைக்கு ஸ்கானோ மாமி?"

அவர் ஒன்றும் பேசாமல் எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போனார். அடுப்படியில் இருந்துதான் பதில் வந்தது. "அண்டைக்கு அவனுக்குக் குடுக்க ஒரு பனடோல்கூட என்னட்ட இருக்கேல்லை."

அவன் என்று அவர் சொன்னது பூனையை அல்ல. சமூகவியல் படித்த காலத்தில் இழப்பைப் பற்றிப் பரீட்சைத் தாளில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அன்று எனக்கு வாய் எழவில்லை.

(ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். பூனைக்குப் பனடோல் நஞ்சு. ஒரு குளிசையே உயிரை எடுக்கும். தவறியும் கொடுத்துவிடாதீர்கள்.)

அடுத்த கிழமை இருவருமாக வைத்தியரிடம் போனோம். "ஸ்கான் செய்தால் மருந்து மாறுமோ?" என்று கேட்டேன். இதயத்தின் இடது மேலறை எவ்வளவு பெருத்திருக்கிறது, இரத்தம் கட்டியாகும் ஆபத்து எவ்வளவு என்பதை ஸ்கான் காட்டும் என்றார். ஆனால் தடித்த தசையைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. நீரைப் போக்கும் பியூறோசமைட் குளிசை எப்படியும் தேவை. மூச்சு முட்டும் பூனையைப் பெட்டிக்குள் வைத்து அவ்வளவு தூரம் கொண்டுபோவதும் ஆபத்துத்தான். அதைவிட இரத்தப் பரிசோதனைக்குச் செலவழிப்பது பயன் என்றார். வயதான பூனைகளில் தைரொயிட் சுரப்பி அளவுக்கு மீறி வேலைசெய்தாலும் இதயம் தடிக்கும், அதற்கு வைத்தியம் உண்டு. பியூறோசமைட் சிறுநீரகத்தையும் வருத்தும், அதன் நிலையும் தெரிய வேண்டும். பரிசோதனையில் தைரொயிட் சரியாக இருந்தது, சிறுநீரகம் கொஞ்சம் களைத்திருந்தது.

இரத்தம் கட்டியாகாமல் இருக்கக் குளோப்பிடோகிறல் எழுதிக் கொடுத்தார். கிளினிக்கில் நம்மவர் எடுக்கும் அதே மருந்துதான், கறுப்பனுக்குக் கால் துண்டு. அதற்காக வீட்டில் கிடக்கும் குளிசைகளை நீங்களாகவே கொடுக்க வேண்டாம், அளவு பிழைத்தால் கதை முடிந்தது. கடும் கசப்பு என்பதால் முதல் நாள் கறுப்பன் நுரை தள்ளித் துப்பிவிட்டது. இப்போது வெறும் கூட்டுக்குளிசைக்குள் வைத்து மீனோடு போகிறது. கருவாடு நிற்பாட்டியாயிற்று, உப்புக்காக. மாமிக்கு அதுதான் பெரிய கவலை.

இதில் காசு செலவில்லாத வேலையும் ஒன்று உண்டு. பூனை நித்திரையாகக் கிடக்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவது. 30 க்குள் இருந்தால் நல்லது, கூடிக்கொண்டு போனால் வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். மாமி கொப்பியில் கோடு போட்டு எழுதுகிறார்.

கடைசியாக வைத்தியர் கஷ்டமான ஒன்றையும் சொன்னார். இரத்தக்கட்டி போய்ப் பின்னங்கால்களை அடைத்தால் கால் குளிர்ந்து இழுபடும், பூனை வேதனையில் கத்தும், அநேகமானவை தப்புவதில்லை. அப்போது என்ன செய்வது என்பதை இப்போதே யோசித்து வையுங்கள் என்றார். நான் மாமியைப் பார்க்கவில்லை.

"கத்த விடமாட்டன் டொக்டர். கூப்பிட்டா ஊசியோட வருவீங்களோ?" என்றார் மாமி. வைத்தியர் தன் தொலைபேசி எண்ணைக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்.

தோடு இன்னும் மாமியின் காதில்தான் இருக்கிறது. போன கிழமை நான் போனபோது மூச்சு 26. எனக்குத் தேத்தண்ணி, கறுப்பனுக்கு ஒரு சூடை மீன்.

அடுத்த மாதம் சந்திப்போம்.